மின்னிலக்க ஆவணப் படப்பதிவில் மூலக்கோப்பும் சுருக்கக்கோப்பும்: தெரிவுக்கான அடிப்படைகள்

முன்னுரை

ஓலைச்சுவடி, பழைய செய்தித்தாள், தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு, கோயில் கணக்கேடு, குடும்பக் கடிதம் ஆகியவற்றைப் படமெடுத்துக் காப்பது இன்று இந்தியவியல் ஆய்வின் ஒரு கூறாகிவிட்டது. முன்னர் நூலகங்களின் நுண்படச் சுருள்களையே நம்பியிருந்த ஆய்வாளர், இன்று தம் தோளில் தொங்கும் படக்கருவியாலோ சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியாலோ ஒரே பிற்பகலில் சில நூறு பக்கங்களைப் பதிந்துகொண்டு திரும்ப முடிகிறது. அப்பதிவுகளை எந்தக் கோப்பு வடிவத்தில் சேமிப்பது என்னும் வினாவைப் பலரும் எழுப்பிக்கொள்வதில்லை. கருவி கடையிலிருந்து வரும்போது எவ்வாறு அமைந்திருந்ததோ அவ்வாறே விட்டுவிடுகின்றனர். அவ்வமைப்பு பெரும்பாலும் ஜேபெக் என்னும் சுருக்கக்கோப்பாகவே இருக்கும்.

நம் வட்டாரத்தின் வெப்பமும் ஈரப்பதமும் தாளுக்கும் ஓலைக்கும் பகையானவை. பூஞ்சணமும் வெள்ளிமீன் பூச்சியும் அரித்தது போக எஞ்சியிருக்கும் ஏடுகள் பல, இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்குமா என்பது ஐயத்திற்குரியது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. இத்தகைய இதழ்களின் பழைய படிகள் வீடுகளில் கட்டுக்கட்டாகக் கிடந்து, வீடு மாறும்போது பழைய தாளாகக் கழிக்கப்படுவதும் உண்டு. ஆகவே நாம் எடுக்கும் படம், மூல ஆவணம் அழிந்த பின்னர் அதன் ஒரே சான்றாக நிற்கக்கூடும். அந்நிலையில் கோப்பு வடிவம் பற்றிய தெரிவு, எதிர்கால ஆய்வாளருக்கு எவ்வளவு சான்றை விட்டுச்செல்கிறோம் என்பதைப் பற்றிய தெரிவாகிறது. இவ்விரு வகைக் கோப்புகளும் எவ்வாறு உருவாகின்றன, தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரையில் எதனை எங்குக் கொள்வது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணரி பதிவதும் கோப்பு காட்டுவதும்

படக்கருவியின் உள்ளே ஒளியைப் பெறும் உணரி, வண்ணம் அறியாதது. தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே அது அறியும். வண்ணத்தைப் பிரித்தறிய, ஒவ்வோர் ஒளியணுக் குழியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒரு வண்ண வடிகட்டி பொருத்தப்படுகிறது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பில், நான்கு குழிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்னும் விகிதம் பின்பற்றப்படுகிறது. எனவே ஒவ்வொரு படப்புள்ளியிலும் உண்மையில் அளக்கப்படுவது ஒரு வண்ணமே. மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பப்படுகின்றன.

உணரி அளந்த எண்களை, இந்த நிரப்புதலுக்கு முன்னரே, உள்ளவாறே சேமித்து வைப்பது 'ரா' எனப்படும் மூலக்கோப்பாகும். அது இன்னும் படம் ஆகவில்லை. படமாக்குவதற்குரிய மூலப்பொருள் என்றே அதனைக் கொள்ள வேண்டும். வெண்மைச் சமன், கூர்மை, வண்ணச் செறிவு ஆகியவை அதில் முடிவு செய்யப்படுவதில்லை. பின்னர்க் கணினியில் அவற்றை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிடில் தொடக்க நிலைக்கே மீளலாம். ஜேபெக்கில் இம்முடிவுகள் அனைத்தையும் கருவியே ஒரு நொடிக்குள் எடுத்து, எஞ்சியவற்றை நீக்கிவிடுகிறது.

தமிழ் மரபின் சொல்லால் கூறின், மூலக்கோப்பு மூலபாடம் போன்றது; ஜேபெக் ஓர் உரையாசிரியர் எழுதிய பொழிப்புரை போன்றது. பொழிப்புரை பயனற்றது என எவரும் கூறார். பெரும்பாலான வாசகர்க்கு அதுவே போதும். ஆயினும் மூலம் தொலைந்து பொழிப்புரை மட்டும் எஞ்சுமாயின், வேறோர் உரை காணும் வாய்ப்பு அதனுடன் போய்விடுகிறது.

இரு வகைக் கோப்புகளும் ஒளியின் படிநிலைகளை எண்ணும் முறையிலும் வேறுபடுகின்றன. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 8 பிட்டு, அதாவது 256 படிநிலைகள் உள்ளன. மூலக்கோப்பில் 12 பிட்டாயின் 4,096, 14 பிட்டாயின் 16,384 படிநிலைகள் கிட்டும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. இருண்ட மூலையை வெளிச்சமாக்கவோ, மங்கிய எழுத்தை எடுப்பாக்கவோ முனையும்போதுதான் அது வெளிப்படும். படிநிலைகள் குறைந்த கோப்பை இழுத்து விரித்தால் இடையிடையே வெடிப்புகள் தோன்றும். படிநிலைகள் மிகுந்த கோப்போ அந்த இழுப்பைத் தாங்கும்.

இழப்பில்லாச் சுருக்கமும் இழப்புடைச் சுருக்கமும்

சுருக்கம் என்றாலே இழப்பு என்று கருதுதல் பிழையாகும். சுருக்கம் இரு வகைப்படும். ஒரே எண் இருபது முறை தொடர்ந்து வருமாயின், அதனை இருபது முறை எழுதாமல் 'இவ்வெண் இருபது முறை' என எழுதி வைக்கலாம். விரிக்கும்போது ஓர் எண்ணும் பிசகாமல் மூலம் திரும்பக் கிடைக்கும். இஃது இழப்பில்லாச் சுருக்கம். பல படக்கருவிகளின் மூலக்கோப்புகள் இம்முறையால் சுருக்கப்பட்டவையே. 1986இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட டிஃப் வடிவமும் இத்தகைய சுருக்கத்தை ஏற்கிறது.

இழப்புடைச் சுருக்கமோ கண் எளிதில் உணராதவற்றை நீக்கிக் கோப்பைச் சிறிதாக்குவது. நீக்கியது மீளாது. ஜேபெக் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் அடிப்படையான கணித முறையை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது ஆவார். 1972இல் இவ்வாய்வுக்கு அவர் கேட்ட நிதியை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை வழங்கவில்லை. எனினும் அவர் முயற்சியைக் கைவிடாமல், தம் மாணவர் டி.நடராஜனுடனும் கே.ஆர்.ராவுடனும் இணைந்து 1974இல் அதனை ஆய்விதழில் வெளியிட்டார். 1992இல் ஜேபெக் தரநிலை அதன்மேல் எழுந்தது. இன்று உலகெங்கும் பரிமாறப்படும் படங்களில் மிகப் பெரும்பான்மையானவை இம்மூவர் பணிக்குக் கடன்பட்டவை.

ஜேபெக் எதை விடுகிறது?

ஜேபெக் முதலில் படத்தை ஒளியளவு, வண்ணம் என இரு கூறாகப் பிரிக்கிறது. மனிதக் கண் ஒளி வேறுபாட்டை நுட்பமாகவும் வண்ண வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணர்வதால், பெரும்பாலான அமைப்புகளில் நான்கு படப்புள்ளிகளுக்கு ஒரு வண்ண மதிப்பு மட்டுமே வைக்கப்படுகிறது. இதனாலேயே தரவு பாதியாகிவிடுகிறது. பின்னர்ப் படம் எட்டுக்கு எட்டு என்னும் சிறு கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 மதிப்புகள், மெதுவாக மாறும் தோற்றங்கள், விரைவாக மாறும் நுண்கோடுகள் என வரிசைப்படுத்தப்படுகின்றன. அடுத்து இம்மதிப்புகள் வகுத்து முழு எண்ணாக்கப்படுகின்றன. நுண்கோடுகளுக்கு வகுக்கும் எண் பெரிதாக இருப்பதால், அவற்றுள் வலுக்குறைந்தவை சுழியமாகி மறைகின்றன.

முகம், மலை, மணமேடை ஆகியவற்றின் படங்களுக்கு இவ்வேற்பாடு மிகப் பொருத்தமானது. அங்கே விடப்படும் நுண்மையை எவரும் தேடப்போவதில்லை. ஆவணத்தின் நிலை வேறு. கரி பூசிய மை உதிர்ந்துவிட்ட ஓலையில், எழுத்தாணி கீறிய கோடு பழுப்பின்மேல் பழுப்பாகவே நிற்கிறது. கோடு மெல்லியது, சுற்றுப்புறத்தினின்று அதன் வேறுபாடும் மிகக் குறைவு. அதாவது, வலுக்குறைந்த நுண்கோடு. ஜேபெக் எதனை முதலில் விடத்தக்கது எனக் கருதுகிறதோ, அங்கே எழுத்தே அதுவாக அமைந்துவிடுகிறது. கண் காணாததை நீக்கலாம் என்பது அதன் கொள்கை. கண் இதுவரை காணாததைக் காண்பதே சுவடி படிப்பவரின் வேலை. இவ்விரண்டும் ஒத்துப்போகா.

வண்ணத்திலும் இதே இடர் உண்டு. வெளிறிய ஊதா நிற முத்திரை, சிவப்புப் பென்சிலால் ஆசிரியர் இட்ட திருத்தம், மையின் நிற வேறுபாட்டால் அறியப்படும் இரண்டாம் கையெழுத்து ஆகியவை வண்ணத்தையே சான்றாகக் கொண்டவை. நான்கு புள்ளிக்கு ஒரு வண்ணம் என்னும்போது அவற்றின் ஓரங்கள் கசிந்து கலங்கும்.

தமிழ் எழுத்தும் படத்தின் இழப்பும்

தமிழ் எழுத்தில் ஒரு சிறு புள்ளி மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிறது. பழைய அச்சுத்தாளில் அப்புள்ளி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது எனக் கொள்வோம். 24 மெகாபிக்சல் கருவியின் படம் 6,000க்கு 4,000 புள்ளிகள் கொண்டது. 58 சென்டிமீட்டர் உயரமுள்ள செய்தித்தாள் பக்கத்தை முழுமையாக ஒரே படத்தில் அடக்கினால், ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரைக் குறிக்கும். அப்போது எழுத்தின் புள்ளிக்குக் கிட்டுவது குறுக்கே மூன்று படப்புள்ளிகளே. அழுத்தம் மிகுந்த ஜேபெக்கில் இப்புள்ளி கரைந்துபோகலாம். அதேபோல், எழுத்தின் ஓரங்களைச் சுற்றி எழும் கொசுக்கூட்டம் போன்ற சிறு கறைகள் இல்லாத புள்ளியை இருப்பதாகக் காட்டவும் கூடும்.

ஓலைச்சுவடிகளில் இச்சிக்கல் மேலும் இறுகுகிறது. அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுதல் பெருவழக்கு. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் பெரும்பாலும் வேறுபடுத்தப்படுவதில்லை. ரகரத்தையும் காலையும் ஒரே வடிவில் எழுதியிருத்தலும் உண்டு. படிப்பவர் பொருளும் யாப்பும் நோக்கி முடிவு செய்யும் இடங்கள் இவை. அங்கே காணும் கரும்புள்ளி, எழுத்தாணி இட்டதா, பூச்சி துளைத்ததா, கோப்பு உண்டாக்கியதா என்னும் மூன்றாவது ஐயத்தையும் நாம் சேர்க்கலாகாது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்களை உறுதி செய்தனர். ஐயம் எழுந்த இடத்தில் ஏட்டை மீண்டும் கையில் எடுத்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. படம் மட்டுமே எஞ்சும் காலத்து ஆய்வாளருக்கு அவ்வாய்ப்பு இராது.

சுருக்கம் பிழையை உண்டாக்கியதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிகள் ஆவணத்திலுள்ள 6 என்னும் எண்ணை 8 எனப் பதிவதைக் கண்டறிந்து வெளியிட்டார். அக்கருவிகள் ஜேபெக்கைப் பயன்படுத்தவில்லை. ஜேபிக்2 என்னும் வேறொரு முறையால், ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதி ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தன. எழுத்து மங்கியிருந்தால் படிப்பவர் ஐயுறுவார். இங்கோ எழுத்து பளிச்செனத் தெளிவாகவும் தவறாகவும் இருந்தது. அந்நிறுவனம் பின்னர் மென்பொருள் திருத்தம் வழங்கியது. ஒரு சுழியால் வேறுபடும் எழுத்துகள் நிறைந்த தமிழுக்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை வேண்டியதில்லை.

மூலக்கோப்பின் குறைகள்

இதுகாறும் கூறியவற்றால் எல்லாவற்றையும் மூலக்கோப்பாகவே எடுத்துவிடலாம் என முடிவு செய்தல் அவசரமாகும். முதற்குறை, கொள்ளளவு. 24 மெகாபிக்சல் கருவியில் உயர்தர ஜேபெக் ஏறத்தாழ 10 மெகாபைட்டு எனில், மூலக்கோப்பு 30 மெகாபைட்டளவு இருக்கும். அதனை விரித்து 16 பிட்டு டிஃப் ஆக்கினால் 144 மெகாபைட்டு ஆகும். ஆயிரம் பக்கங்களுக்கு முறையே 10, 30, 144 கிகாபைட்டு. மூன்று படிகள் வைப்பதாயின் மும்மடங்கு. சிறு ஆய்வு நிதியில் இயங்குவோர்க்கு இஃது எளிதில் கடக்கத்தக்கதன்று.

இரண்டாவது குறை, நிலைபேறு. மூலக்கோப்பு வடிவங்கள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் உடைமைகள். கேனன் நிறுவனமே சிஆர்டபிள்யூ, சிஆர்2, சிஆர்3 என மூன்று வடிவங்களைக் கடந்து வந்துள்ளது. 2005இல் நிக்கான் நிறுவனம் தன் கோப்பிலுள்ள வெண்மைச் சமன் தகவலை மறைகுறியாக்கியது பெரும் விவாதத்தை எழுப்பியது. கோடாக் நிறுவனம் 1992இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபோட்டோ சிடி வடிவம் பின்னர்க் கைவிடப்பட்டு, அதிலிருந்து படங்களை மீட்பதே ஒரு தனிப்பணியாயிற்று. இவ்விடரைக் குறைக்க அடோபி நிறுவனம் 2004இல் டிஎன்ஜி என்னும் மூலக்கோப்பு வடிவத்தை விளக்கக் குறிப்புகளுடன் பொதுவில் வெளியிட்டது. இவற்றோடு ஒப்பிடுங்கால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கணினியிலும் திறக்கும் ஜேபெக்கின் நிலைபேறு வியக்கத்தக்கது.

மூன்றாவது, உழைப்பு. ஒவ்வொரு மூலக்கோப்பையும் கணினியில் செப்பமிட்டாலன்றிப் பிறர் படிக்க இயலாது. அவ்வாறு செப்பமிட ஆளின்றி வன்தட்டில் கிடக்கும் பத்தாயிரம் மூலக்கோப்புகளைக் காட்டிலும், பட்டியலிட்டு அனைவர்க்கும் கிடைக்கச் செய்த ஆயிரம் ஜேபெக் கோப்புகள் பயன் மிக்கவை.

இன்னொன்றும் கருதத்தக்கது. குவியம் பிசகிய படத்தையும், கை நடுங்கிய படத்தையும், பக்கத்தின் ஓரம் வெட்டுண்ட படத்தையும் மூலக்கோப்பு காப்பாற்றாது. படக்கருவியை நிலைத்தாங்கியில் பொருத்துதல், ஓலையின் கீறலுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சுதல், பெரிய பக்கத்தை இரு பாதியாகப் பிரித்தெடுத்தல், அளவுகோலும் வண்ண அட்டையும் உடன்வைத்தல் ஆகியவற்றிற்குப் பின்னரே கோப்பு வடிவம் பற்றிய வினா பொருள்படும்.

தெரிவு செய்யும் முறை

இவற்றைக் கருத்திற்கொண்டு ஆவணங்களை மூவகையாகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, மூலமே சான்றாகும் ஆவணங்கள். ஓலைச்சுவடி, மங்கிய கையெழுத்து, கல்லெழுத்து, வேறு படி இல்லாத பதிவேடு ஆகியவை இவ்வகையின. இவற்றை மூலக்கோப்பாகவே எடுத்தல் வேண்டும். மூலக்கோப்பைக் காப்பதோடு, அதிலிருந்து இழப்பில்லா டிஃப் கோப்பு ஒன்றையும் உருவாக்கி வைத்தால், நிறுவனத்தின் வடிவம் மறைந்தாலும் படம் மறையாது.

இரண்டாவது, சொல்லே சான்றாகும் ஆவணங்கள். தெளிவாக அச்சிடப்பட்ட நூல், வேறு நூலகங்களிலும் கிடைக்கும் இதழ் ஆகியவை இதில் அடங்கும். இவற்றிற்கு நிலையான வெளிச்சத்தில் எடுத்த உயர்தர ஜேபெக் போதுமானது. கருவியின் அமைப்பில் மிகுதரத்தைத் தெரிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, நேரமே பகையாகும் சூழல். நாளை காலி செய்யப்படும் வீட்டில், வீட்டார் அளிக்கும் ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு தாள்களைப் பதிய வேண்டியிருக்கலாம். அங்கே நினைவட்டை நிரம்பி நூறு தாள்கள் விடுபடுவதைக் காட்டிலும், அனைத்தையும் ஜேபெக்காக எடுப்பதே அறிவுடைமை. பல கருவிகளில் இரண்டு வடிவங்களையும் ஒருங்கே சேமிக்கும் வசதி உண்டு. இடம் இருக்குமாயின் அதுவே சிறந்தது. கைப்பேசியே கையிலிருக்கும் கருவியாயின் அதனையும் விலக்க வேண்டியதில்லை. ஆண்டிராய்டு கருவிகள் 2014 முதலும், ஐஃபோன்கள் 2016 முதலும் உரிய செயலிகளின் துணையோடு மூலக்கோப்பை எடுக்க வழிசெய்கின்றன. அவ்வாறு எடுத்தால், கைப்பேசி தானாகவே செய்யும் மெருகும் கூர்மையாக்கமும் தாளின் இழையையும் எழுத்தின் ஓரத்தையும் மாற்றுவதைத் தவிர்க்கலாம்.

எவ்வகையாயினும் சில ஒழுங்குகள் பொதுவானவை. ஜேபெக்கைத் திறந்து திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தலாகாது. ஒவ்வொரு சேமிப்பிலும் புதிய இழப்பு சேரும். கருவியிலிருந்து வந்த கோப்பைத் தொடாமல் வைத்து, அதன் படியிலேயே வேலை செய்தல் வேண்டும். வாட்ஸ்அப் வழி படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கப்படும். எடுத்த நாள் முதலிய உட்குறிப்புகளும் நீங்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளவாறே சென்று சேரும். காப்புப்படிகள் குறைந்தது இரண்டு வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். ஒரே மேசையில் அடுக்கிய இரு வன்தட்டுகள் ஒரே வெள்ளத்தில் நனையும்.

முடிவுரை

மூலக்கோப்பு உயர்ந்தது, சுருக்கக்கோப்பு தாழ்ந்தது என்னும் பொதுத்தீர்ப்புக்கு இடமில்லை. ஜேபெக், பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் உரிய வடிவம். மூலக்கோப்பு, மறுபடியும் ஆராய்வதற்குரிய வடிவம். ஒரு தாளைப் படமெடுக்குமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: இத்தாள் நாளை இல்லாமற்போனால், இதனிடம் இன்று நாம் கேட்க அறியாத கேள்வியை நாளை ஒருவர் கேட்க நேருமா? நேருமாயின், விடத்தக்கது எது என்பதை முடிவு செய்யும் உரிமையைக் கருவிக்கு அளித்தல் தகாது. நேராதெனில், ஜேபெக்கில் எடுத்துப் பட்டியலிட்டு, விரைவில் பிறர் கையில் சேர்ப்பதே நற்பணியாகும்.